கப்பலில் வந்த குரல்

ப்ரோனா பவர் விமானத்தில் வந்தாள். அவளுடைய குரல் கடல் வழியாக வந்தது, அதனால் சில நாள் பிந்திவிட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்பெயினில் எங்கள் காடிஸ் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அவளிடம் இரண்டு பெட்டிகளும் எங்கள் ஊர் வெயிலுக்குத் துளியும் தேவைப்படாத ஒரு கம்பளிக் கோட்டும் இருந்தன. ஒரு பருவம் ஸ்பானிய மொழி படிக்க கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்தவள். அவளுக்கு அறை கொடுத்த என்கார்னா எங்கள் தெருவிலேயே அதிகம் பேசுகிறவள். கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்வாள். அதனால் வந்தவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில்தான் வெளிப்பட்டது. அதையும் கண்டுபிடித்தது என்கார்னாவின் கொழுந்தன் குர்ரோதான். மீன்பிடிப் படகு வைத்திருப்பவன்.

"அண்ணி, கொஞ்சம் மூச்சு விடுங்க. அந்தப் பொண்ணு வாயைத் திறந்து திறந்து மூடுது, சத்தமே வரல."

"பசியா இருக்கும்டா," என்று சொல்லி என்கார்னா இன்னொரு தட்டு நெத்திலி பொரித்து வைத்தாள்.

மருத்துவர் வந்து தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "வீடு நல்லாத்தான் இருக்கு, குடியிருக்கிறவங்கதான் இல்ல," என்றார். துறைமுக ஊரில் தொழில் செய்கிறவர் என்பதால், குரல் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். ப்ரோனாவின் தாய் இறந்த பிறகு அவளும் அப்பா ஜெரார்டும் மட்டும்தான் அந்த வீட்டில். அவள் கிளம்புவதில் அவருக்கு இஷ்டமில்லை. விமான நிலைய வாசலில் வண்டியை நிறுத்தியவர், போனால் திரும்பி வராதே என்று சொல்லிவிட்டார். அவள் பதில் பேசாமல் கதவை அறைந்துவிட்டு உள்ளே போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விமானம் ஏற அவளுடைய குரலுக்கு மனம் வரவில்லை. பின்தங்கியது, பிறகு கிடைத்த கப்பலைப் பிடித்தது. காடிஸில் அவள் கைபேசி தினமும் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு, இந்தப் பக்கம் அவளுடைய மூச்சு. மகளுக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்து, "சரி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிடுவார். இதற்கு நடுவே வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு இருந்தது. தேறாதவர்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

புதன்கிழமை கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழுந்தது. குர்ரோவின் வலையில் மத்தி மீன்களுக்கு நடுவே ஒரு பெண்குரல் ஏறி வந்து, வலையை இழுக்கும் லட்சணமா இது என்று படகிலிருந்த அத்தனை பேரையும் திட்டியது. வழியில் பல ஸ்பானியப் படகுகளில் தங்கி வந்ததால் அதற்கு ஸ்பானியம் சரளமாகிவிட்டிருந்தது. குர்ரோ அதை ஈரச் சாக்கில் சுற்றி அண்ணியின் சமையலறையில் அவிழ்த்துவிட்டான். அது தட்டு அலமாரியில் போய் உட்கார்ந்தது. ப்ரோனா வாயைத் திறந்து காத்திருந்தாள். அது உள்ளே போகவில்லை.

தேர்வுக்கு மட்டும் கூடவே போனது. அவளுக்கு இடப்புறம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டது. கோடையில் என்ன செய்தாய் என்று பேராசிரியை அல்முதேனா கேட்டதும் அலைகளைப் பற்றியும், கப்பல் சமையல்காரர்களின் கெட்ட பழக்கங்களைப் பற்றியும் பேச ஆரம்பித்தது. பேராசிரியை எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். மிக உயர்ந்த வகுப்பில் இடம் கொடுத்தார். சில வார்த்தைகளை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கைபேசி அடித்தது. ப்ரோனா அதை மேசைமேல் வைத்தாள். அலமாரியிலிருந்து குரல் இறங்கி வந்தது.

"அப்பா, கதவை அறைஞ்சுட்டு வந்தது தப்பு. ஆனா இங்க வந்தது தப்பில்ல. எனக்குப் பயமா இருந்துச்சுப்பா, அதான் பேசல."

ஜெரார்ட் சொன்னார்: "வராதேன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. உன் ரூம்ல தினமும் விளக்கு போட்டுத்தான் வெக்கறேன். என்னம்மா, குரல் கரகரன்னு இருக்கு?"

"உப்புக் காத்துப்பா."

தனக்கு இவ்வளவு பயம் இருந்தது ப்ரோனாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. உதடுகளைக் கடித்துக்கொண்டு அழுதாள். என்கார்னாவுக்கு அவர்கள் பேசிய ஆங்கிலம் ஒரு எழுத்தும் புரியாது. இருந்தும் அவள் பேசாமல் நின்றாள். எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு முதன்முறையாக அடுத்த தெரு மாதா கோயிலின் மணி கேட்டது.

அதற்குப் பிறகு அந்தக் குரலை விழுங்கிவிட ப்ரோனா முயலவில்லை. அவளோடு பேசும்போது சற்று இடப்பக்கம் பார்க்க நாங்கள் பழகிக்கொண்டோம். பிப்ரவரியில் அவள் விமானம் ஏறினாள். குரல் மறுத்துவிட்டது. தெரிந்த மாலுமியிடம் சொல்லி குர்ரோ அதைச் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டான். அது வந்து சேரும்வரை அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல், சத்தமில்லாமல் சாப்பிட்டார்களாம். கப்பல் வந்த பனிமூட்டக் காலையில் இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். ஜெரார்ட் வண்டியின் முன்னிருக்கையில் நடுவே குரலுக்கு இடம்விட்டு உட்கார்ந்துகொண்டார். வீடு திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி மூன்று தேநீர் வாங்கினார்.