நான் துப்பிக் கொடுத்த சாட்சி

குழாயில் கோடு போட்டிருக்கும் இடம் வரைக்கும் எச்சில் துப்ப வேண்டும் என்று என் மகள் ஷஸ்னா சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அறுபது வயதுத் தாயைத் துப்பு துப்பு என்று கெஞ்சுவதற்கு ஒரு பிள்ளையைப் பெற்று, தில்லையடிப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சராகவும் ஆக்கி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தி அரை மணித்தியாலத்துக்கு வெற்றிலை கூடாதாம், தேத்தண்ணியும் கூடாதாம்.

"நுரை கணக்கில்ல உம்மா. இன்னும் துப்புங்க."

"வாய் காஞ்சி போச்சுடி. கிணறா வெச்சிருக்கேன்?"

எச்சிலில் ரத்தச் சொந்தம் பார்க்கும் அந்தக் குழாய் ஒல்லாந்திலிருந்து வந்தது. அனுப்பியவர் பெயர் பீட்டர், நாற்பத்தொரு வயது. கைக்குழந்தையாக இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர். அவருடைய தத்துப் பத்திரத்தில் தாயின் பெயர் அஸ்ரியா, ஊர் கற்பிட்டி என்று இருந்தது. அஸ்ரியா என் ராத்தா, எனக்கு மூத்தவள். அவர் எங்களைக் கண்டுபிடித்தபோது ராத்தா மௌத்தாகி, மண்ணுக்குப் போய்ப் பதினொரு மாதம்.

கலியாணம் ஆகாமல் வயிற்றில் வந்த பிள்ளை அது. காரணமானவன் யாரென்று ராத்தா கடைசி வரைக்கும் வாய் திறக்கவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து உம்மா அவளைச் சிலாபத்தில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கேயிருந்த பொம்பிளை, பிள்ளையை மூன்று மாதம் ஒரு இல்லத்தில் பார்த்துக்கொள்வார்கள், பிறகு வந்து தூக்கிக்கொள் என்று சொல்லிச் சிங்களத்தில் எழுதிய கடுதாசியில் கையெழுத்து வாங்கினாள். மூன்று மாதம் முடிந்த அன்றே ராத்தா சிலாபத்துக்கு ஓடினாள். வீடு பூட்டிக் கிடந்தது. யன்னலால் பார்த்தால் உள்ளே ஒரு கதிரைகூட இல்லை.

பிறகு ராத்தா யாரையும் கலியாணம் முடிக்கவில்லை. என்னோடு கருவாட்டு வாடியில் நின்றாள், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். மூச்சு வாங்கிக் கிடந்த கடைசி நாளில் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அவன் எப்பயாவது வந்தா, நான் விக்கல்ல எண்டு சொல்லு றஹ்மா. ஏமாந்து போனேன், விக்கல்ல."

அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு பாடும். ஆனால் பீட்டருக்கு வாய்ப்பேச்சு போதாது. தாய் என்று சொல்லி இரண்டு பொம்பிளைகளை ஆட்கள் அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். பரிசோதனையில் இரண்டும் பொய். மூன்றாவது தடவை இதுதான், இதற்குமேல் தன்னால் முடியாது என்று எழுதியிருந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷஸ்னா எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒரு பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. கூடப்பிறந்தவர்களுக்கு ஏறக்குறைய பாதி ஒன்றாக இருக்கும். ஆகவே ராத்தாவின் மகனுக்கும் எனக்கும் நாலில் ஒரு பங்கு பொருந்த வேண்டும். கொஞ்சம் கூடலாம், குறையலாம், ஆனால் ஒன்றுமில்லாமல் போகாது.

"நீங்களும் பெரியும்மாவும் முழுச் சகோதரியா, அரைச் சகோதரியா எண்டு படிவத்தில கேக்குது உம்மா."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "ஒரு உம்மாட மடியில பால் குடிச்சி வளந்த எங்களுக்குள்ள அரை என்னடி, முழு என்னடி? முழு எண்டு போடு!"

போட்டாள். ஆறு கிழமை கழித்து முடிவு வந்தது.

ஷஸ்னா வாடிக்கே வந்துவிட்டாள். பாரை மீனை அறுத்து உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஒண்டுமே பொருந்தல்ல உம்மா. சைபர்" என்றாள். அவர்கள்தான் பிழை விட்டிருப்பார்கள் என்று கத்தினேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பெரியும்மாவ மூத்தும்மாதானே, உங்கட உம்மாதானே பெத்த?"

கத்தி கையிலிருந்து விழுந்தது. யா அல்லாஹ், பெறவில்லையே!

ராத்தாவைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அவளுடைய வாப்பா இந்தியாக் கரையிலிருந்து வந்து தங்கிய கடல்தொழிலாளி. அந்தக் கிழமை என் உம்மாவுக்குப் பிறந்த ஆண்பிள்ளை தவறியிருந்தது. பால் கட்டிக்கொண்டு கிடந்த உம்மாவிடம் அவர் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருடம் அவரையும் கடல் கொண்டுபோனது. ஆர், எவர், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பால் கொடுத்ததால் மார்க்கப்படி அவள் எங்களுக்குச் சகோதரி. என் கூடப்பிறந்த நானாவுக்கு முன்னால் அவள் முக்காடு போட்டதில்லை, அவரை முடிக்கவும் அவளுக்கு ஏலாது. அதன்பிறகு வேறு வீட்டுப் பிள்ளை என்ற கதை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. நானே மறந்துபோனேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல ஏலாது. பால்தானே உடம்பில் ரத்தமாகிறது, அது அந்தக் குழாயிலும் தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறேன். மடைச்சி நான், பெரிய மடைச்சி.

"அவட சீப்பு, உடுப்பு ஏதும் இரிக்கா உம்மா?" நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முந்தியே எல்லாவற்றையும் நான்தான் கொடுத்துக் கழித்தேன். இருந்திருந்தாலும் அந்தக் கொம்பனி எச்சிலைத் தவிர வேறொன்றும் எடுக்காதாம். பீட்டரோடு பொருந்தியவர்களின் பட்டியலும் இருக்கிறதாம். இந்த நாட்டில் எத்தனை பேர் குழாயில் துப்பியிருக்கிறார்கள்? அதில் ஆகக் கிட்டிய சொந்தம் ரொறன்ரோவில் யாரோ ஒருவர், ஆறு தலைமுறைக்கு அப்பால்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பீட்டருக்கு அழைப்பு எடுத்தோம். திரையில் அவர் முகம் வந்தது. ராத்தாவின் நெற்றி அப்படியே. என் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் என் கண்ணை யார் சாட்சிக்கு எடுப்பார்கள்? ஷஸ்னா ஆங்கிலத்தில் பாலின் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஏதோ கேட்டார்.

"அப்ப அவட ரத்தச் சொந்தம் வேற ஆர் இரிக்கிற எண்டு கேக்குறார் உம்மா."

"ஒருத்தருமில்ல. அவர் மட்டும்தான் எண்டு சொல்லு."

சொன்னாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் முழுச் சகோதரி என்று எழுதினீர்கள், பொருந்தாமல் போன பிறகு வேறு கதை வருகிறது என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"சொல்லுடி, ராத்தா விக்கல்ல எண்டு சொல்லு! ஏமாத்திப் பறிச்சது எண்டு சொல்லு!"

ஷஸ்னா சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேசினார். ஷஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னடி சொல்றார்?"

"முந்தின ரெண்டு பொம்பிளைகளும் இதையேதான் சொன்னாங்களாம் உம்மா. இதே சொல்லுத்தானாம்."

"பெத்தவ வேற என்னத்தடி சொல்லுவா!" என்று கத்தினேன்.

ஷஸ்னா அதை ஆங்கிலமாக்குவதற்குள் அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.