நான்கு டியூபா, இரண்டு வாய்

டியூபா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவர் அவர். "இசைக்குழுவில கடைசி வரிசையில, மடியில ஒரு பித்தளைப் பூதத்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான் பாருங்க, அவன்தான் நான்" என்று முடித்துக்கொள்வார். அந்தப் பூதம்தான் மொத்தக் குழுவுக்கும் அஸ்திவாரம் என்பதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

அன்று மத்தியானம் வாத்தியக் கடையின் பின்னறையில் வேர்த்து விறுவிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று புது டியூபாக்கள், பக்கத்தில் அவருடைய பழசு. பழசு மக்கர் பண்ணுகிறது, அடி ஸ்வரங்களை ஊதினால் உடனே பேசமாட்டேன் என்கிறது, பேசினாலும் சுருதி இறங்கி நிற்கிறது என்று இசைக்குழு நிர்வாகத்தை நச்சரித்துப் புதுசு வாங்கச் சம்மதம் வாங்கியிருந்தார். எது ஊதியதும் பேசுகிறது, எது சுருதியில் நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை, பெண்டாட்டியிடம்கூட. முன்பல் உடைந்து, பல் டாக்டர் அதற்கு உறை மாட்டினாரே, அதற்குப் பிறகுதான் இந்தக் கோளாறே ஆரம்பித்தது. ஊதுகிறவனுடைய உதடு சாய்ந்து நிற்கிற சுவர் முன்பல்தான். டியூபா கெட்டால் வேறு வாங்கலாம், வாய் கெட்டுப்போனால் எந்தக் கடையில் போய்க் கேட்பது? இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்த நாற்காலி போய்விடும். அதனால் குற்றம் டியூபாவுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டாத சாமியில்லை.

முதல் டியூபாவில், உதட்டில் வைத்து ஊதுகிற தன் மவுத்பீஸை மாட்டி ஊதினார். மேல் ஸ்வரங்கள் கச்சிதம். அடிக்கு இறங்கியதும் 'ஃபூ' என்று வெறும் காற்று வந்தது, அதன் பின்னாலேயே ஸ்வரம் தூங்கி எழுந்த மாதிரி வந்து சேர்ந்தது. சுருதி காட்டும் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா, "சுருதி இறங்குது, முள்ளு இடது பக்கம் சாயுது சார்" என்றாள்.

இரண்டாவதில் வால்வு வெண்ணெய் மாதிரி இறங்கியது, கையில் கனமும் குறைவு. மூன்றாவதின் நாதம் நன்றாகத் திரண்டிருந்தது. என்ன புண்ணியம்? அடி ஸ்வரத்தில் இரண்டுமே 'ஃபூ' என்றன. முள் இரண்டுக்கும் இடது பக்கமே சாய்ந்தது. நாலு டியூபாவும் ஒரே மாதிரி கெட்டிருக்குமா என்ன!

சோபாவில் சாய்ந்திருந்த மைத்துனன், "எல்லாம் ஒரே யானைதான் அத்தான். தும்பிக்கைதான் வேற வேற" என்றான். அவருடைய பெண்டாட்டியின் தம்பி. அதே குழுவில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிரம்போன் ஊதுகிறவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"நீ கொஞ்சம் வாசி மாப்ளே. நான் அந்தக் கோடியில நின்னு கேக்குறேன்" என்றார் அவர். மடியில் வைத்திருப்பவனுக்குத் தன் டியூபா தூரத்தில் எப்படிக் கேட்கும் என்று தெரியாது; அதனால் வாங்க வருகிறவர்கள் கூட வந்தவனை ஊதச் சொல்வது வழக்கம். உண்மையில், இவன் வாயில் அது நன்றாகப் பேசிவிட்டால் தன் கதை முடிந்தது என்று உறுதியாகத் தெரிந்துவிடும், அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் கொடுத்தார். மைத்துனன் டிரம்போனுக்கு மாறுவதற்கு முன் டியூபா கற்றவன். சோடா மூடியைப் பல்லால் திறக்கிறவன். முப்பத்திரண்டும் சொந்தப் பல்.

அவன் மூன்றாவதை வாங்கி, அதில் மாட்டியிருந்த மவுத்பீஸைத் துணியால் துடைத்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து அடி ஸ்வரத்தை ஊதினான்.

'ஃபூ.' அப்புறம்தான் ஸ்வரம்.

"இடது பக்கம்" என்றாள் கடைக்காரம்மா.

மைத்துனன் முகம் சுண்டிப்போயிற்று. அறைக் கோடியில் நின்றவருக்கோ காதில் தேன் பாய்ந்தது.

"இன்னொரு தடவை வாசி."

'ஃபூ.'

"பழசுல வாசி."

அதிலும் அதே 'ஃபூ'.

"அத்தான், இந்தம்மா முன்னாடி என் மானத்த வாங்கணும்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அவர் அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரோ வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. "என் பல்லு காரணமில்ல மாப்ளே" என்று ஆரம்பித்து, மூன்று மாதமாக மென்று விழுங்கிய கதையை மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். கொட்டி முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. நாலு டியூபா, இரண்டு வாய். எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது எது?

எழுந்துபோய் மவுத்பீஸைப் பிடுங்கினார். கடைக்காரம்மா அதை வாங்கி, குழலுக்குள் நுழைகிற காம்பு மேஜையில் படும்படி படுக்கவைத்து உருட்டினாள். அது ஒழுங்காக உருளவில்லை. தடக் தடக்கென்று நொண்டியது.

"காம்பு நசுங்கியிருக்கு சார். எதுல மாட்டினாலும் காத்து கசியும். எங்கயாவது கீழ போட்டீங்களா?"

போட்டிருந்தார். உறை மாட்டும் முன் உதடு எங்கே உட்கார வேண்டும் என்று பல் டாக்டருக்குக் காட்டப்போய், ஊசி போட்டு மரத்துப்போன வாயிலிருந்து மவுத்பீஸ் நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துப் பையில் போட்டவர் அதை அன்றே மறந்துவிட்டார். டியூபா சோதிக்கப் போகிற எவனும் தன் மவுத்பீஸைத்தான் கொண்டுபோவான். அது அவன் உதட்டோடு பிறந்த மாதிரி. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

கடைக்காரம்மா அதே அளவில் வேறொன்று எடுத்துக் கொடுத்தாள். பழைய டியூபாவில் மாட்டி அடி ஸ்வரத்தை ஊதினார். ஊதியதும் பேசியது. முள் நட்ட நடுவில் நின்றது. புதுசு மூன்றிலும் ஊதிப் பார்த்தார், மூன்றும் நன்றாகவே பேசின. ஆனால் சுருதியில் பழசை எதுவும் மிஞ்சவில்லை. மூன்று மாதமாகத் திட்டித் தீர்த்த வாத்தியத்தைத் தடவிக்கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

மைத்துனன் மட்டும் கேலி பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாக, "அப்போ திங்கக்கிழமை ஒத்திகையிலேருந்து நானும் நேரத்துக்கு ஊதலாமில்ல?" என்றான்.

"நீ எப்படா பிந்தி ஊதினே?"

"நீங்க பிந்துறது மொத வாரமே தெரிஞ்சுபோச்சு அத்தான். ஒரு வாத்தியம் மட்டும் பிந்தினா, முன்னாடி நின்னு குச்சியாட்டுற கண்டக்டர் உடனே ஆளக் கண்டுபிடிச்சிடுவாரு. அதான் நானும் உங்க கூடவே பிந்தினேன். வரிசையே சரியில்லைன்னு பொதுவா திட்டிட்டு விட்டுட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா நீங்க நாற்காலிய விட்டே எழுந்து போயிடுவீங்க. அப்புறம் என் பக்கத்துல யாரு உக்காருவா?"

மடியில் டியூபா இருந்ததால் அவரால் எழுந்து கட்டிக்கொள்ள முடியவில்லை. எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.