சோமசேகரம் மாமாவின் பதினான்கு இடங்கள்

இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய காரில் என் சூட்கேசை ஏற்ற முடியாது என்பது உட்துறைமுக வீதியில் எல்லோருக்கும் தெரியும், சோமசேகரம் மாமாவைத் தவிர. அவர் அம்மாவின் தம்பி. அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கடற்படை வெள்ளைக்காரன் ஒருவன் கப்பலேறும்போது விட்டுப்போனது. பத்து நிமிடம் ஓட்டினால் ஒரு சோதனைச் சாவடி வந்துவிடும் 1998இல், மணிக்கு நூறு மைல் ஓடும் கார் வைத்திருந்த ஒரே திருகோணமலைக்காரர் அவர்தான்.

எனக்கு லண்டன் விசா கிடைத்திருந்தது. இரவு எட்டரைக்குக் கட்டுநாயக்கவில் விமானம். மறுநாளோடு விசா காலாவதி. பேசிவைத்திருந்த வான் முதல்நாள் பழுதாகிப் படுத்துவிட்டது.

"நான் இருக்கிறன்தானே," என்றார் மாமா. என் பயமும் அதுதான்.

"சூட்கேஸ் டிக்கிக்குள்ள போகாது மாமா. ஸ்பெயார் சில்லே முழு இடத்தையும் பிடிச்சிட்டுது."

"டிக்கியை நம்பிறது மூளையில்லாத சனம், பிள்ளை. ஒரு காருக்குள்ள எவ்வளவு இடம் சும்மா கிடக்குதெண்டு உனக்குத் தெரியுமே?"

தெரியாது. அன்று பின்னேரம் தெரிந்துகொண்டேன். சூட்கேசைக் கவிழ்த்து, உடுப்பெல்லாவற்றையும் தலையணை உறைகளில் அடைத்தார். கம்பளிச் சட்டைகள் மடித்த கூரைத் துணிக்குள் போயின. சின்னம்மா சல்லிக் கிராமத்திலிருந்து கொண்டுவந்த கருவாடு ஸ்பெயார் சில்லின் குழிக்குள். மிளகாய்த்தூள் கதவுத் தகட்டுக்குள். என் சான்றிதழ்கள், ஒரு பல்கலைக்கழகம் மதித்த அதே சான்றிதழ்கள், சீற்றுக்கு அடியில்.

பக்கத்து வீட்டு ஆமினா உம்மா, லண்டனில் இருக்கும் மகன் பக்கீருக்கென்று தொதல் இனிப்போடு வந்தார்.

"கொஞ்சந்தான் மகள். ரெண்டு கிலோ."

"நாலெண்டாலும் கொண்டு வாங்கோ," என்ற மாமா, அதைப் பொனட்டுக்குள் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்தார். எண்ணிப் பார்த்து, மொத்தம் பதினாலு இடம் என்றார். வெறும் சூட்கேசை டிக்கிக்கு மேல் கயிறு போட்டுக் கட்டினார். விமான நிலையத்தில் திரும்ப அடுக்கலாமாம்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். பாலையூற்றுத் தாண்டியதும் சோதனைச் சாவடி. வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இறங்க வேண்டும், பொதியை மேசையில் வைத்துத் திறக்க வேண்டும். நான் சூட்கேசைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. சிப்பாய் டிக்கியைத் திறந்தான். சில்லு. வெளிநாடு போகிற பெண்ணிடம் சாமான் ஒன்றுமில்லை என்பதை அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கோப்ரலைக் கூப்பிட்டான்.

சாமான் எங்கே என்று கோப்ரல் சிங்களத்தில் கேட்டான். வேறு யாராவது என்றால் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துக் காட்டியிருப்பார்கள். மாமா சிரித்தார். நல்ல சிங்களத்தில் விளக்க ஆரம்பித்தார்.

முதலாவது இடத்தைக் காட்டியபோது இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். ஐந்தாவதற்கு எட்டுப் பேர். ஒருவன் கொப்பியில் எழுதினான். எடுத்ததெல்லாம் நிலத்தில் விரித்த படங்கில் வரிசையாக வந்தது. என் உள்ளாடைகள், தொதல், கருவாடு, பொருளியல் பட்டம்.

"மாமா, நேரம் போகுது."

"பொறு பிள்ளை. பொடியள் ஆசையாக் கேக்கிறாங்கள்."

ஒன்பதே காலுக்குக் கப்டன் ஒருவர் வந்து பதினான்காவதைப் பார்த்தார். அவ்வளவுதான், இனி ஒன்றுமில்லை என்று மாமா கையைத் துடைத்தார். கப்டன் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு என்னிடம் பாஸ்போட்டைக் கேட்டார்.

கைப்பையைத் திறந்தேன். பாஸ்போட் இல்லை. ரிக்கற்றும் இல்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் காரின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"மாமா, எங்க வச்சனீங்கள்?"

"கைப்பையை ஆரும் பறிச்சுக்கொண்டு ஓடினாலும் எண்டு..."

"எங்க?"

"ஸ்பீடோமீற்றருக்குப் பின்னால."

"அப்ப ஏன் முடிஞ்சுதெண்டு சொன்னனீங்கள்?"

"எல்லாத்தையும் காட்ட ஏலுமே பிள்ளை? ஒரு இடமெண்டாலும் எங்களுக்கெண்டு இருக்க வேண்டாமே?"

ஸ்பீடோமீற்றர் என்ற சொல் கப்டனுக்கும் விளங்கியது; அவருடைய சிரிப்பு நின்றது. பதினைந்தாவது இருந்தால் பதினாறாவதும் இருக்கும் என்று எண்ணுவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. காரை முழுதாகக் கழற்றச் சொன்னார். பாஸ்போட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார். கடைசியில், நீ போகலாம், சாமான் போகாது என்றார். அதற்குக் கையெழுத்து வைக்கும் மேஜர் பின்னேரந்தான் வருவாராம்.

பத்தரை. வரிசையில், மாமாவுக்குத் தெரிந்த இறக்கக்கண்டி ஊர் ஸெய்னுதீனின் மீன் லொறி, சோதனை முடிந்து கொழும்புக்குப் புறப்பட நின்றது. அவர் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க தங்கச்சி. நான் நிண்டா ஐஸ் நிக்காது."

"பின்னேரம் மட்டும் பொறன்," என்றார் மாமா. "கையெழுத்து வந்த உடன எல்லாத்தையும் அரை மணித்தியாலத்தில அடுக்கித் தருவன். உடுப்பில்லாமல் அந்தக் குளிருக்கை போய் என்ன செய்யப் போறாய்?"

படங்கைப் பார்த்தேன். நான் வைத்திருந்த எல்லாம் அதில் இருந்தன. அடுத்த விசா எப்போது கிடைக்கும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

"சான்றிதழை மட்டும் பிறகு தபாலில போடுங்கோ மாமா," என்று சொல்லி ஏறினேன்.

லொறி திரும்பும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சீற்றின் ஆணிக்குப் பொருந்தாத ஸ்பானரை வைத்துத் திருகிக்கொண்டிருந்த சிப்பாயின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஆறரைக்குக் கட்டுநாயக்கவில் மீன் வாடையோடு இறங்கி, விமானத்தைப் பிடித்தேன். இரண்டு கிழமை கழித்து லண்டனிலிருந்து போன் எடுத்தபோது, மாமாவை அன்றைக்கே விட்டுவிட்டார்கள் என்று அம்மா சொன்னார். கார்தான் இன்னும் இராணுவ முகாமில் நிற்கிறது. கழற்றியவர்களுக்குத் திரும்பப் பூட்டத் தெரியவில்லையாம். மாமா ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு போய்ச் சொல்லிக் கொடுக்கிறாராம்.