பன்னிரண்டாம் நம்பர் ஜெர்சி

ரெஃப்ரியைத் திட்டாமல் இந்த ஆண்களுக்கு டீ தொண்டையில் இறங்காது. துபாய் சத்வாவில் எங்கள் கடையின் பின்பக்கம் என் எம்பிராய்டரி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் மூன்று ஆண்கள் உட்கார்ந்து, இன்னும் விசிலே ஊதாத ஒரு மனிதனின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை துபாயில் அமீரகத்துக்கும் இலங்கைக்கும் ரக்பி மேட்ச். அன்றைக்குச் செவ்வாய்தான் ஆகியிருந்தது. அதற்குள் எனக்குக் காது புளித்துவிட்டது.

மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர் காதர் மைதீன். கண்டியில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடி, மூக்கெலும்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தவர். நான் காயல்பட்டினத்துக்காரி. கல்யாணமான புதிதில் அந்த மூக்கு ஏன் கோணல் என்று கேட்டபோது பெருமையாகக் காரணம் சொன்னார். "இதுக்கா?" என்றேன். இருபத்தாறு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாமவர் அவருடைய பள்ளித் தோழர் கௌஸ் முகைதீன். மூன்றாவது விஜயபாஸ்கர், மன்னார்குடிக்காரர். அல் குசைஸில் கிரேன் கம்பெனியில் வேலை. அங்கே ஒரு தென்னாப்பிரிக்க சூப்பர்வைசரிடமிருந்து இந்தப் பைத்தியம் அவருக்குத் தொற்றிக்கொண்டது.

பேச்சு எங்கே சுற்றினாலும் என் மகன் ஹஸ்னைனிடம்தான் வந்து நிற்கும். இருபத்திரண்டு வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ரக்பியில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லையாம். வருஷக்கணக்காக ஒரு நாட்டில் இருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாமாம். அமீரக டீமின் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆடும் பதினைந்து பேரில் அவன் இருப்பானா என்பதுதான் கேள்வி. அவன் இறங்கினால் நீங்கள் எந்தப் பக்கம் கை தட்டுவீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். இலங்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகனுக்குக் கை தட்டுவாராம். வெட்கமே இல்லை.

ரெஃப்ரி யார் என்று தெரிந்ததிலிருந்து கடையில் ஒரே புலம்பல். வரப்போகிறவர் கார்டு தூக்குவதில் பேர் போனவர். தோளுக்கு மேலே கை பட்டால் மஞ்சள், தலையில் பட்டால் சிவப்பு, பேச்சே கிடையாது. போன வருஷம் ஒரு கிளப் மேட்சில் ஹஸ்னைனையே வெளியே அனுப்பியவர். அதனால் செலக்டர்கள் பயந்து அவனை விட்டுவிடுவார்கள் என்பது கௌஸ் முகைதீனின் கட்சி.

"உயரமான பொடியன், மைனி. அவனுக்குக் குனிஞ்சு பிடிக்க ஏலாது. இந்த ரெஃப்ரி இருக்கிற மேட்ச்ல அவனை எறக்குறது பத்து நிமிஷத்துல ஒராளைக் குறைக்கிற மாதிரி" என்றார் என்னிடம்.

அப்படிச் சொல்லாதே என்று என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார். நானோ மனசுக்குள் அந்த முகம் தெரியாத ரெஃப்ரிக்கு துஆ செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகளின் தலையைத் தொட்டால் கோபப்படுகிற ஒரே ஒரு மனிதர் அந்த விளையாட்டில் இருக்கிறாரே, அல்லா அவருக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்.

எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அது எனக்கும் ஹஸ்னைனுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப் மேட்ச். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போயிருந்ததால் நான் மட்டும் போயிருந்தேன். ஹஸ்னைன் ஒருவனைப் பிடிக்கப் பாய்ந்தபோது அவன் முட்டி இவன் நெற்றியோரத்தில் இடித்தது. கொஞ்ச நேரம் மண்டியிட்டபடியே இருந்தான். எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எழுந்து அவனும் ஓடினான். திரும்பி வரும்போது டாக்ஸியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தான். இரண்டு தடவை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கெஞ்சினான். தலையில் அடி என்று தெரிந்தால் பன்னிரண்டு நாளாவது உட்கார வைத்துவிடுவார்களாம், மேட்ச் போய்விடுமாம். அல்லா மேல் ஆணை என்று சொல்லச் சொன்னான். மாட்டேன் என்றேன். என் கையைப் பிடித்து அடிபட்ட அந்தத் தலையிலேயே வைத்து, "என் மேல சத்தியம் பண்ணுங்க உம்மா" என்றான். குழந்தையில் காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்த்த தலை. பண்ணிவிட்டேன். அறிவு கெட்டவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் விஜயபாஸ்கர் அதைச் சொன்னார். அமீரக டீமில் பதின்மூன்றாம் நம்பர் ஆடுகிற பையன் தலைவலிக்கிறது என்று தானாகவே டாக்டரிடம் போய்ச் சொல்லி விலகிவிட்டானாம். என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. எங்கள் காலத்தில் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி ஓடுவோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பஞ்சு பொம்மைகள் என்றார். விஜயபாஸ்கர் சிரிக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. மொத அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா மூளை வீங்கிரும். எங்க சூப்பர்வைசரோட தம்பி அப்படித்தான் போனாரு. பத்தொம்பது வயசு. காலையில நல்லா சாப்பிட்டுட்டுத்தான் கிரவுண்டுக்குப் போயிருக்காரு."

என் கால் மெஷினிலிருந்து தானாக இறங்கிவிட்டது. நூல் அறுந்துவிட்டதா என்று என் வீட்டுக்காரர் அங்கிருந்து கேட்டார். ஆமாம் என்றேன்.

புதன்கிழமை காலை ஜெர்சிகள் வந்தன. டீமுக்கு எப்போதும் நான்தான் எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பேன். நாட்டுக்காக ஆடுகிற சட்டையில், நெஞ்சிலிருக்கும் சின்னத்துக்குக் கீழே, யாரோடு ஆடுகிறார்கள், என்றைக்கு என்று சின்ன எழுத்தில் தைப்பது வழக்கம். முதல் தடவை ஆடுகிறவனுக்குக் காலருக்கு உள்ளே அவன் பெயரும் வரும். அதற்காகவே மேனேஜர் லிஸ்டையும் சேர்த்து அனுப்புவார். மறுநாள் மதியம் வந்து எடுத்துப் போவார். அதுவரை லிஸ்டை வெளியே சொல்லக்கூடாது.

இருபத்து மூன்று சட்டைகள். லிஸ்டில் பன்னிரண்டாம் நம்பருக்கு எதிரே ஹஸ்னைன் காதர் மைதீன் என்று இருந்தது.

வெளியே சொல்லக்கூடாதாம்! என் வீட்டுக்காரர் ஐந்து நிமிஷத்தில் கண்டிக்குப் போன் போட்டுவிட்டார். கௌஸ் முகைதீன் முந்தின நாள் பேசியதையெல்லாம் மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சட்டையை முகர்ந்து பார்த்தார். புதுத் துணி வாசனைதான் இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் என்னருகில் வந்து, "உன் கையால அவன்ட பேர தைக்கப் போற ஜுபைதா" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

மற்ற சட்டைகளை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டி ஒவ்வொன்றாகத் தைத்தேன். பன்னிரண்டை எடுப்பேன், மடித்து அடியில் வைப்பேன்.

சாயங்காலம் ஹஸ்னைன் கடைக்கு வந்தான். உள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆண்கள் கட்டிப்பிடித்து முதுகில் தட்டியபோது ஒவ்வொரு தட்டுக்கும் அவன் தாடை இறுகியது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பின்பக்கம் கூப்பிட்டு, "நீயே போய்ச் சொல்லிடு ராசா. நீ சொன்னா மரியாதை" என்றேன்.

"ஐ'ம் ஃபைன், உம்மா. ப்ளீஸ். ஒரே ஒரு மேட்ச்."

"தலை வலிக்குதா, இல்லையா?"

கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் போய்விடும். இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ சொன்னான். வாப்பாவின் முகத்தைப் பார்த்தீர்களா என்று ஒன்று புரிந்தது. சத்தியம் என்று இன்னொன்று. அப்புறம் போய்விட்டான்.

சத்தியம் பண்ணியது பண்ணியதுதான். முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம், அதற்கு வழியிருக்கிறது. ஆனால் பிள்ளை என்னை மன்னிக்காவிட்டால் அதற்கு எத்தனை பேருக்குச் சோறு போடுவது? அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்தேன். விஜயபாஸ்கர் சொன்ன அந்தத் தம்பியின் உம்மாவையும் நினைத்தேன். அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்குமோ?

வியாழன் மதியம் மேனேஜர் வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனுஷன், ஜுபைதா மேடம் என்றுதான் கூப்பிடுவார். முன்பக்கம் மூவரும் ஆஜர். பெஞ்சில் உட்காரப் போகிறவர்களில் ஒருத்தன் சரியில்லை என்று அவரிடமே வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சட்டைகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். இருபத்திரண்டு. பன்னிரண்டு எங்கே என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பதறிப்போய் அடுக்குகளைக் கலைத்துத் தேட ஆரம்பித்தார். நான் மடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். நெஞ்சில் சின்னம் மட்டும் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. காலரிலும் ஒன்றும் இல்லை.

தைக்கவில்லையா என்றார் மேனேஜர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னேன்.

"மை சன் ஹெட் நாட் குட், சார். ஃப்ரைடே கேம், ஹெட் ஹிட். டூ டைம் வாமிட். ஹீ நாட் டெல். ஐ டெல்."

மேனேஜர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். எப்போது, எந்தப் பக்கம், விழுந்தானா, மயங்கினானா என்று நிதானமாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல விஜயபாஸ்கர் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். டாக்டர் பார்க்கும்வரை தான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"நீ என்ன செஞ்சீக்கிறாய்னு தெரியுமா?" என்றார் என் வீட்டுக்காரர். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"தெரியும்" என்றேன்.

அன்று சாயங்காலமே டீம் டாக்டரின் கிளினிக்குக்கு நாங்கள் இருவரும் ஹஸ்னைனும் ஒரே காரில் போனோம். ஹஸ்னைன் முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். வாந்திக்குக் காரணம் ஷவர்மா என்று வாப்பாவிடம் சொல்லியிருந்தான். வாப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டெஸ்டில் பாஸ் ஆனால் ஆடலாம்தானே, ஷவர்மாதானே என்று ஸ்டீயரிங்கிடம் கேட்டபடி ஓட்டினார். பாஸாகிவிட்டால்? பிள்ளையை ஊரறிய அவமானப்படுத்தியவளாக நான் நிற்பேன். பாஸாகாவிட்டால்? எது நடக்கவேண்டும் என்று கேட்பது என்று தெரியாமல், யா அல்லா, யா அல்லா என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் ஒரு மலையாளி அம்மா. நான் வெளியே இருக்கிறேன் என்றேன். ஹஸ்னைன் விடவில்லை. "நோ. நீங்களும் வாங்க. வந்து பாருங்க" என்றான். தான் நன்றாக இருப்பதை என் கண்ணால் நான் பார்க்கவேண்டும் என்ற வீம்பு. உள்ளே போனோம். அவனுடைய வாப்பா கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

டாக்டரம்மா ஐந்து வார்த்தைகளை மெதுவாக வாசித்தார். குதிரை, சாவி, மழை, ஆரஞ்சு, கதவு. எல்லாம் இங்கிலீஷில். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி இருந்தது. ஹஸ்னைன் என்னைப் பார்த்து இகழ்ச்சியாகச் சிரித்துவிட்டு, ஐந்தையும் உடனே திருப்பிச் சொன்னான். அவன் வாப்பா மூச்சை விட்டார்.

கடைசியில் மறுபடி கேட்பேன், நினைவில் வைத்துக்கொள் என்றார் டாக்டரம்மா. அப்புறம் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், ஒரு தடவை தடுமாறினான். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், டிசம்பரிலிருந்து ஜனவரி வரை ஒரு மாதிரி வந்து சேர்ந்தான். நான் அதற்குள் அந்த ஐந்து வார்த்தைகளை மனசுக்குள் ஓதிக்கொண்டே இருந்தேன். அவனுக்காக. அவன் பாஸாகவேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

சரி, இப்போது அந்த வார்த்தைகளைச் சொல் என்றார்.

"ஹார்ஸ்" என்றான். "கீ" என்றான்.

நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். தன் உள்ளங்கையைப் பார்த்தான். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. "ஹார்ஸ்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், அதே இடத்தில் நின்றான். கதவோரம் அவன் வாப்பாவின் கட்டியிருந்த கை தளர்ந்து கீழே விழுந்தது.

ஹஸ்னைன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். முகத்திலிருந்த வீம்பெல்லாம் போய்விட்டிருந்தது. பயந்திருந்தான்.

"உம்மா, மிச்சம் என்ன?" என்றான், தமிழில்.

மிச்சம் மூன்றும் என் வாயில் இருந்தன. சொல்லாதீர்கள் என்று டாக்டரம்மா எனக்குத் தலையசைத்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.