அத்தையின் வெள்ளமும் என் மணலும்

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாலைக் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. மாமியாரும் மருமகளும் சேர்ந்து படித்தால் வீடு உருப்படுமா என்று என் கணவர் கேட்டார். அன்று அவருக்குச் சாப்பாடு ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது.

அத்தை ஒரே பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவர். இயற்கையோடு மனிதர் போராடும் இரண்டு சிறுகதைகளை ஒப்பிடச் சொல்லி அதில் தவறாமல் ஒரு கேள்வி வரும். முதல் கதையில், வெள்ளம் உள்ளே வராதபடி ஒரு மனிதர் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு விடியும்வரை நிற்கிறார். இரண்டாவதில், ஒரு பெண்ணின் வீட்டைப் பாலைவன மணல் மூடிக்கொண்டே வருகிறது. அவள் அள்ளிக் கொட்டுவதை நிறுத்திவிட்டு, கூரையில் ஒரு வாசல் வைத்துக்கொள்கிறாள்.

அத்தை தையல்காரர். எடுத்ததை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். வெள்ளத்து மனிதருக்காகப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, 'மணல் கதையும் நல்ல கதைதான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஒப்பிடுவது என்றால் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

"தோத்துப்போய் கூரையில ஏறுனவளைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்றார்.

எனக்கோ மணல்காரி மேல் உயிர். அந்த மனிதர் வெறும் வீம்புக்காரர் என்று வாதாடுவேன். இந்த முறையும் தேறாமல் போனால் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுவதாக அத்தை சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

பரீட்சையன்று காலையில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தெருத் தண்ணீர் முன்வாசலில் நுழைந்தது. வளைந்துகொடுப்பதே புத்திசாலித்தனம் என்று ஊருக்கு உபதேசம் செய்த நான், பழைய துணியெல்லாம் வாரிக் கதவிடுக்கில் திணித்தேன், வாளியால் மொண்டு ஊற்றினேன், கடைசியில் கதவுக்கே முதுகைக் கொடுத்து நின்றேன். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது.

அத்தை தையல் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்தார். பின்பக்கம் நல்ல பள்ளம். உள்ளே வந்த தண்ணீரெல்லாம் வழி கேட்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அத்தை கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

"வர்றது வரட்டும், போறது போகட்டும். நீயும் மேல வந்து உக்காந்து படிம்மா."

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும், எப்படி எழுதினார் என்று அத்தையிடம் பயந்துகொண்டே கேட்டேன். வெள்ளத்துக்காரர் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரை முடித்துவிட்டு, மணல்காரிக்கென்று கூடுதல் தாள் கேட்டு வாங்கினாராம்.

"அவ தோக்கலைம்மா. வீட்டை விட்டு அவ போகவே இல்லையே."

நான் கதவைத் தாங்கியவருக்காகக் கண் கலங்கி எழுதிவிட்டு வந்த கதையைச் சொன்னேன். அத்தை நடுத்தெருவில் நின்று சிரித்தார். எனக்கும் சிரிப்புத் தாளவில்லை. ஆனால் பஸ் வருவதற்குள் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது. பின்கதவைத் திறக்கத் தெரியாத மனிதர் என்று அத்தை அவரை ஏச, எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இருவரும் தேறினோம். அத்தைக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். அன்றே மேல்படிப்புக்கு இரண்டு விண்ணப்பங்கள் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். என் கணவர் அவற்றைப் பார்த்தார். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.