உள்ளே எத்தனை பேர்?

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், அவர் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடமாட்டார். முதலில் கதவைத் தட்டுவார். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன், எங்கயும் போகமாட்டேன்." இதைச் சொன்ன பிறகுதான் வேலை. அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான்.

அவர் மனைவிக்கு வாஷிங் மெஷின் கம்பெனியில் வேலை. போனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏசி ரூமில் உட்கார்ந்து நாள் பூராவும் அரட்டை அடிக்கிறாள் என்பது இவர் அபிப்பிராயம். அந்த அரட்டையில் ஒரு துளியாவது வீட்டுக்கு வரக்கூடாதா என்பது இவர் வருத்தம். போன வருடம் மகள் படிக்க விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் எண்ணி நாலு வார்த்தைதான். சாப்பிடுங்க, சாவி எங்க, ம், ம்ஹூம்.

போன வாரம் அவருக்கு வெளியூரில் இரண்டு வருட வேலை ஒன்று வந்தது. "போகட்டுமா?" என்று அவளிடம் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றாள். அதைவிட அவள் ஓர் அறை விட்டிருக்கலாம். மனிதர் அன்றைக்கே மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டார். மேலாளர் இன்றைக்குச் சாயங்காலம் போன் செய்வார். சரி என்று சொல்வதுதான் பாக்கி.

இன்றைக்குப் பார்த்துத்தான் அவள் அலுவலகத்தில் ஓர் ஏற்பாடு. வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டி வரலாம், நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காரவைத்து வேலையைக் காட்டலாம். "வர்றீங்களா?" என்று அவள் கேட்டாள். நாலு வார்த்தைகளில் சேராத வார்த்தை அது. அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜன்னலெல்லாம் திரை போட்ட நீளமான கூடம். வரிசை வரிசையாக மேஜைகள். எல்லோரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். எல்லாக் குரலும் கலந்து, தொலைவில் மழை பெய்வது போல ஒரே இரைச்சலாக இருந்தது. மேற்பார்வை பார்க்கும் பெண் அவர் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

"புதுசா பழகுறவங்களுக்குக் குடுக்கிறதுண்ணே. அண்ணி பேசுறதும் கேக்கும், அந்தப் பக்கம் பேசுறவங்களும் கேக்கும். ஒரே ஒரு கால் நீங்களே பேசிப் பாருங்களேன்."

லைனில் யாரோ ஒரு பெரியவர் வந்தார். துணி துவைத்து முடித்தும் மெஷின் கதவு திறக்கவில்லையாம். லிஃப்ட்காரருக்கு வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போனது.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கேட்டது. பிறகு பெரியவர் பொறுப்பாகச் சொன்னார்: "நாலு சட்டை. ஒரு போர்வை."

மனைவி பட்டென்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் அசடு வழிந்தார். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்ததும் மனசு என்னவோ செய்தது.

"இத அழுத்திட்டா நாம பேசுறது யாருக்கும் கேக்காது. நாங்க சிரிக்கிறது, திட்டுறது எல்லாம் இதுலதான்" என்றாள் அவள். பிறகு பெரியவரிடம் குழைவாகப் பேசிக் கதவைத் திறக்க வைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இரைச்சலும் குளிரும் சேர்ந்து அவர் கண்ணைச் செருகவைத்தன. லிஃப்ட் போகும் உயரமான கூண்டுக்குள் மிதப்பது போல இருந்தது. கயிறு இல்லை, பயமும் இல்லை. ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் அவள் குரல் வந்தது.

"ஏங்க, பஸ் ஸ்டாப் பக்கத்துல அந்த மரம் பூத்திருக்கு, பாத்தீங்களா? … பாப்பா நேத்து போன்ல இருமினா. … கையில காயத்துக்கு மருந்து போட்டீங்களா? … சொல்லுங்க சார், லைன்லதான் இருக்கேன். … எத்தனை தடவ சொல்லிட்டேன், அந்த ஊருக்குப் போகாதீங்கன்னு. காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறீங்க."

அவர் கண்ணைத் திறந்தார். குரல் நிற்கவில்லை.

அவள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். விரல் அந்தப் பொத்தான்மேல் இருந்தது. போனில் இருப்பவர் மெஷின் நம்பரைத் தேடப் போகும்போதெல்லாம் அதை அழுத்துவாள், முணுமுணுப்பாள், அந்த ஆள் திரும்பி வந்ததும் விடுவாள். புருஷன் தூங்கிவிட்டார், யாருக்கும் கேட்காது என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். பழகுபவர்களின் ஹெட்போனுக்கு அந்தப் பொத்தான் கட்டுப்படாது என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

பாவம், புருஷனிடம் பேச வேண்டியதையெல்லாம் பகல் முழுக்க இங்கேயே பேசித் தீர்த்துவிடுகிறாள். சொல்லியாயிற்று என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொள்கிறாள். இவரானால் அவளுக்குத் தன்னைக் கண்டாலே சலித்துவிட்டது என்று ஒரு வருடமாக உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார். ஹெட்போனைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கழற்ற மனசு வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அவர் அண்ணாந்து பார்த்தார். மரம் பூத்துத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் அதை இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

அவள் திரும்பினாள். காலையில் வந்த சிரிப்பு மறுபடி வரப் பார்த்து, பாதியில் நின்றுபோனது.

"ஒரு ஆள்தான்."

"பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன்…"

மீதியைச் சொல்வதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. மேலாளர். என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்றார்.

"எங்கயும் போகமாட்டேங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். "இதத்தானே நான் அத்தனை தடவ சொன்னேன்?"

"இன்னிக்குத்தான் கேட்டுச்சு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! எல்லாமேவா?"

"மத்தியானத்துக்கு மேல சொன்னது மட்டும்தான்."

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கண்ணைத் துடைத்தாளோ முகத்தைத் துடைத்தாளோ, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கு."