பாதியில் நிற்கும் ஃபங்ஷன்

1.

இந்தக் கதை எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒட்டியிருந்த ஒரு தாளிலிருந்து வந்தது. ‘நாளை காலை பத்து மணி முதல் மின்சாரம் இருக்காது. ஒத்துழைக்கவும்.’ அதைப் படித்ததும் அங்கேயே போனை எடுத்தேன். ஏன் என்று சொல்வதற்குள் தொடக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: ‘அவள் இறந்த அன்று மழை—’

மழை பெய்யவில்லை.

இரண்டாவது: ‘என் மனைவி ஒரு புள்ளியியலாளர், அதாவது’

அதாவதில் நின்றுவிட்டது.

மூன்றாவது நன்றாகவே வந்தது. ஆனால் அதில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய்யை மூன்றாம் பகுதியில் அப்படியே வைத்திருக்கிறேன். எங்கே என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம், நானே ஒப்புக்கொள்கிறேன்.

2.

கொஞ்சம் விளக்கம். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவன், எனக்குப் புரிந்த அளவுதான் சொல்ல முடியும்.

புள்ளியியல் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு வேலையைத் தனியாக எழுதி அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். அதுதான் ஃபங்ஷன். அது ஓடும்போது உள்ளே சில மாறிகள் உண்டாகும், ஒவ்வொன்றும் ஒரு மதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் ஃபங்ஷன் ஒரே ஒரு விடையை வெளியே கொடுக்கும். உள்ளே இருந்தவை அத்தனையும் போய்விடும்.

[இங்கே மனித வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் வர வேண்டும். வந்தது. அடித்துவிட்டேன். அவள் படித்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.]

ஃபங்ஷனைப் பாதியில் நிறுத்தி உள்ளே போய்ப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. திரையில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் கண்சிமிட்டும் கோடு. அந்த நிலையில் எதுவும் தட்டாமல் எண்டரை மட்டும் அழுத்தினால், ஃபங்ஷன் ஒரு வரி முன்னால் நகரும். பின்னால் வராது.

அவள் எங்கள் ஊர் பஸ்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விடியற்காலை முதல் பஸ்ஸை நிறுத்திவிடலாம், யாரும் அதிக நேரம் காத்திருக்கப்போவதில்லை என்று போக்குவரத்து அலுவலகம் சொன்னது. அந்த பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் போகிறார்கள். அவர்களில் ஒருவர் இவளிடம், “எங்க பேச்சு அங்க எடுபடாதும்மா, உங்க நம்பர்தான் எடுபடும்” என்று சொல்லியிருந்தார். பதினேழு நிறுத்தங்கள். கணினி ஆறு நாள் ஓடி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காத்திருப்பு நேரம் சொன்னது. அதன் பிறகு அவள் ஃபங்ஷனை நிறுத்தி, உள்ளே புகுந்து, கையால் சில திருத்தங்களைத் தட்டினாள். அவற்றை எந்தக் கோப்பிலும் எழுதவில்லை.

அப்போது தலைவலி என்றாள். மருந்துக்கடைக்குக் கிளம்பினாள்.

“அகராதி, பத்து நிமிஷத்துல வந்துடறேன். எண்டரை மட்டும் தொட்டுடாதே.”

அகராதி என்பது நான்தான். மருந்துக்கடைக் கவுண்டரில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய்.

3.

லேப்டாப் பதினோரு நாள் அப்படியே நின்றது. பேட்டரி உப்பிப் போனதால் அவளே முன்பு கழற்றி எறிந்திருந்தாள். சுவரிலிருந்து வரும் ஒயரில்தான் அதன் உயிர். நான் ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டினேன். ஒயர் போகிற வழியில் யாரும் நடக்கக் கூடாது என்று நாற்காலியைக் குறுக்கே போட்டேன்.

மாமியார் எங்களோடு தங்கியிருந்தார். துக்கத்தை அவர் துணியால் துடைத்துத் தீர்க்கிறவர். ஜன்னல், அலமாரி, துடைத்த தட்டையே மறுபடி.

“மாப்ளே, இதென்ன ராத்திரி பகலா எரியுது? தூசி அடைஞ்சு கெடக்கு.”

“அத்தை, அதை மட்டும் விட்டுடுங்க.”

“என் பொண்ணு மேசையை நான் துடைக்கக் கூடாதா?”

நான்காம் நாள், நான் குளித்துவிட்டு வருவதற்குள், அவர் ஈரத்துணியால் விசைப்பலகையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். திரையில் ஒரு புதிய வரி தெரிந்தது.

4.

மேலே கடைசிப் பத்தியை நம்ப வேண்டாம். அதுதான் அந்தப் பொய்.

அத்தை அந்த மேசையை எட்டு அங்குலம் விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். கேட்டுக்கொண்டதால் ஒரு நாளும் அதைத் தொடவில்லை. எண்டரை அழுத்தியவன் நான். திரை கறுத்துப்போயிற்று, செத்துவிட்டதோ என்று பயந்து அழுத்தினேன் என்று எழுதலாம். அதுவும் முக்கால்வாசிதான் உண்மை. அந்த விசையின் மேல் எழுத்து தேய்ந்து பளபளவென்று இருந்தது. அங்கே என் விரலை வைத்துப் பார்த்தேன். வைத்தது அழுந்திவிட்டது.

ஒரு வரி நகர்ந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

(ஒரு கதாபாத்திரத்தின் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை, பழியை வைத்துவிட்டேன்.)

5.

லிஃப்டுத் தாளைப் பார்த்த மறுநிமிடம் அவள் அலுவலக நண்பனைக் கூப்பிட்டேன். அவள் அவனுக்கு வைத்த பெயர் சராசரி. எதைக் கேட்டாலும் “சராசரியா நல்லாத்தான் இருக்கு” என்பான். கதைக்கு இவ்வளவு அமைதியான ஆள் ஒத்துவருவானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஒரு பிரதியில் அவனைக் கோபக்காரனாக மாற்றிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு வந்தான். திரையைப் பார்த்தான். அந்த அமைதியான ஆள் தலையில் கை வைத்தான்.

“அண்ணா! உள்ளயே நிக்குதா? பதினோரு நாளாவா?”

“ஆமா.”

“திருத்தத்தை எல்லாம் உள்ளயே டைப் பண்ணியிருக்கா! எங்களுக்கு வருஷம் பூரா சொல்லுவா, இப்படிப் பண்ணாதீங்க, பண்ணாதீங்கன்னு!”

“நீங்க பண்ண மாட்டீங்களா?”

“தினமும் பண்ணுவோம்ணா.”

அன்று மாலை நான்கு மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கூட்டம். அதற்குள் அறிக்கை போகாவிட்டால் முதல் பஸ் நின்றுவிடும். மறுபடி ஓட்ட ஆறு நாள் இல்லை. மணி எட்டு முப்பத்தைந்து. அத்தை ஒயர் பக்கத்தில் நாற்காலி போட்டு, காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

சராசரி ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரு கட்டளையைத் தட்டினான். அந்தக் கட்டளைக்கு அர்த்தம் இதுதான் என்று பிறகு சொன்னான்: உள்ளே இருக்கிற எல்லாப் பெயர்களையும் கூப்பிடு, அதனதன் மதிப்போடு ஒரே மூட்டையாகக் கட்டு, கட்டியதை ஒரு கோப்பாக வெளியே எழுது. எண்டருக்கு மேல் அவன் விரல் நின்றது.

“இப்ப அழுத்தலாமா?” என்று கேட்டேன். என் குரல் கீச்சென்று வந்தது.

“கட்டளை இருக்கிறப்ப அழுத்தினா பரவாயில்லண்ணா. வெறுமனே அழுத்தினாத்தான் நகரும்.”

அழுத்தினான். கோப்பு விழுந்தது. இருபத்தோரு மாறிகள்! பென் டிரைவில் ஏற்றி, தன் லேப்டாப்பில் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்தான். எல்லாம் இருந்தன. அத்தை கைதட்டினார். நானும் தட்டினேன். வீட்டில் பதினோரு நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சத்தம்.

[கதை இங்கே முடிந்திருக்கலாம். வேறு யாராவது எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.]

6.

“ஆனா அண்ணா...” என்றான் சராசரி. “தபால் நிலையத்துல சனங்க மைனஸ் அஞ்சு நிமிஷம் காத்திருக்காங்க.”

“அப்படின்னா?”

“பஸ் போன பிறகு வந்து, அதே பஸ்ல ஏறியிருக்காங்க. இந்த மாதிரி நாலு நிறுத்தம்.”

அவன் விளக்கினான். பயணி வந்த நேரத்தை, நிறுத்தத்தில் நின்ற தன்னார்வலர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். பஸ் வந்த நேரம் டிக்கெட் மெஷினிலிருந்து வரும். கைக்கடிகாரம் மெதுவாக ஓடினால் காத்திருப்பு பொய்யாக நீளும், அந்த நிமிடங்களைக் கழிக்க வேண்டும். அவள் கையால் தட்டியது அந்தப் பதினேழு கழித்தல்களைத்தான். பெயர் போடாமல், வெறும் எண்கள், வரிசையாக. எண்களைக் குறித்து வந்த துண்டுச்சீட்டுகளைத் தட்டி முடித்ததும் கிழித்துப்போடுவது அவள் பழக்கம்.

“முதல் எண் முதல் நிறுத்தத்துக்கு, ரெண்டாவது ரெண்டாவதுக்கு. ஆனா நிறுத்தமெல்லாம் இப்ப அகரவரிசையில நிக்குது. அச்சகம், ஆஸ்பத்திரி, இரும்புக் கடைன்னு. அப்படி அடுக்குற வரி ஒண்ணு கூடுதலா ஓடியிருக்கு. யாராச்சும் தொட்டீங்களா?”

அத்தை என்னைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரியும் என்று அந்தப் பார்வையில் எனக்கு விளங்கியது.

“நான்தான்” என்றேன். “எண்டர். ஒரே ஒரு தடவை.”

சராசரி திட்டுவான் என்று நினைத்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “லைப்ரரிக்காரர் தொட்டா அகரவரிசைதான் வரும்!”

“பழைய வரிசை எங்கயும் இல்லயா?”

“ஃபைல்ல நிறுத்தமெல்லாம் ஆபீஸ் நம்பர் வரிசையில இருக்கு, அது பொருந்தல. பஸ் போற வரிசையும் பொருந்தல, போட்டுப் பாத்துட்டேன், அதுலயும் மைனஸ் வருது. எந்த வரிசையில எழுதினாளோ, அது அவளுக்குத்தான் தெரியும்.”

இந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். இப்போதும் எழுதும்போது எழுந்து நின்றுதான் எழுதுகிறேன்.

“எனக்கும் தெரியும்!”

கடிகாரங்களைச் சரிபார்க்க அவளோடு போனவன் நான். ஒரே பிற்பகல், பதினேழு நிறுத்தமும் நடந்தே. பஸ் போகிற வழியில் அல்ல, சந்து சந்தாகப் புகுந்து. அவள் கேட்டு எழுத, நான் குடை பிடிக்க.

“சொல்லுங்கண்ணா. மெதுவா.”

கண்ணை மூடினேன். “பள்ளிக்கூட வாசல். அங்க நேரம் எழுதின வாட்ச்மேன் கடிகாரத்தைக் கழட்டிக் குடுக்கவே மாட்டேன்னார். அடுத்து அச்சகம். அப்புறம் நாய் துரத்தின சந்து, அதைத் தாண்டினா தபால் நிலையம். கண்ணாடிக் கடை. அங்க என் தலையை அவ சீவி விட்டா...”

“தலை வேண்டாம்ணா, நிறுத்தம்.”

“மாப்ளை சொல்லட்டும்ப்பா” என்றார் அத்தை. “அப்படித்தான் வரும்.”

பதினேழும் சொன்னேன். அவன் அடுக்கினான். கணக்கு ஓடியது. நான்கு மைனஸ் நிறுத்தங்கள் ஒன்றாகக் குறைந்திருந்தன! தண்ணீர்த் தொட்டி மட்டும் மைனஸ் மூன்று.

“பதினொண்ணு, பன்னெண்டு. இரும்புக் கடை முதல்லயா, தொட்டி முதல்லயா? நல்லா யோசிங்க.”

“மாத்திப் போட்டுப் பாத்துட வேண்டியதுதானே?”

“நம்பர் சரியா வரணும்னு மாத்தினா அது பித்தலாட்டம்ணா. அவ ஒத்துக்க மாட்டா. உங்களுக்கு ஞாபகம் இருந்தாத்தான் மாத்துவேன்.”

மணி ஒன்பது நாற்பத்தைந்து. இரும்புக் கடைக்காரர் அவளுக்கு ஸ்டூல் போட்டது ஞாபகம் இருந்தது. ஸ்டூலில் அவள். கையில் செருப்பு. ஏன் கையில்? “என்னம்மா, அறுந்துடுச்சா?” என்று அவர் கேட்டார். அறுந்துதான் இருந்தது. எங்கே அறுந்தது? என் தோளில் ஒரு கனம். அவள் ஒற்றைக் காலில் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைத் தூக்கிப் பார்த்து, “போச்சு அகராதி” என்றாள். தரை ஈரம். தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

“தொட்டிதான் முதல்ல! தொட்டிகிட்ட அறுந்துச்சு. இரும்புக் கடைக்கு வெறுங்காலோட வந்தா!”

அவன் இரண்டையும் மாற்றினான். திரையில் பதினேழு எண்கள் மேலிருந்து கீழே விழுந்தன.

“ஒண்ணுகூட மைனஸ் இல்ல!” சராசரி நாற்காலியோடு பின்னால் உருண்டு அலமாரியில் மோதினான். அத்தை ஒயரை மறந்து எழுந்து வந்து அவன் தலையையும் என் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மாலைக் கூட்டத்துக்கு அறிக்கை போனது. முதல் பஸ் இப்போதும் ஓடுகிறது. இன்று காலை ஜன்னல் வழியே அதன் சத்தம் கேட்டது.

7.

ஆனால் கதை அங்கே இல்லை. அது ஒன்பது ஐம்பத்தொன்றில் இருக்கிறது.

எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் லேப்டாப்பில் ஃபங்ஷன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உள்ளேயும் வரிசையைச் சரிசெய்துவிட்டதாகச் சராசரி சொன்னான்.

“இனிமே இதை என்ன வேணும்னாலும் பண்ணலாம்ணா.”

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஃபங்ஷனைக் கைவிடும் எழுத்தைத் தட்டுவது. மாறிகள் போகும், விடை வராது. சுத்தமான வேலை. சராசரிக்கு இது பிடிக்கவில்லை.

இரண்டு: மீதி வரிகளை ஓடவிடுவது. அவள் எழுதியபடியே ஓடி, அவள் கேட்ட விடையைத் திரையில் போட்டுவிட்டு முடியும். “எதையும் பாதியில விட்டா அவளுக்குப் பிடிக்காது, மாப்ளே” என்றார் அத்தை.

மூன்று: சும்மா இருப்பது. பத்து மணிக்கு மின்சாரம் தானாகப் போகும்.

மின்சாரம் சொன்னபடி பத்துக்குப் போனது, அதை மறைக்கவில்லை. இடையில் இருந்த ஒன்பது நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுத உட்கார்ந்து, இதோடு ஆறு முறை

இல்லை. அதை எழுதப்போவதில்லை. எழுதினால் இதுவும் முடிந்துவிடும். இப்போதைக்கு எல்லாரும் உள்ளேதான் இருக்கிறோம். அத்தை மறுபடி ஒயர் பக்கத்தில். சராசரி அலமாரியில் சாய்ந்தபடி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் அவள். நான் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், உட்காருங்கள். மணி ஒன்பது ஐம்பத்தொன்று. கோடு கண்சிமிட்டுகிறது. எண்டர் எது என்று தேட வேண்டியதில்லை, எழுத்து தேய்ந்து பளபளவென்று இருக்கும்.